புல்லட்டுக்கும் பத்தியம் உண்டு!

(சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் 1986-ஆம் ஆண்டு இயந்திரவியல் அணி நண்பர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அவரே எழுதித் தந்தது.)

 

செயலாளர் போன் பண்ணி, "இருபது நிமிஷம் ஏதாவது பேசுப்பா, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யறேன்னு சொல்லு" என்றார். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன் என்பதை இருபது நிமிஷம் பேச முடியாது. எனவே கடந்த இரண்டு வருஷமாக நான் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அதிகம் செலவில்லாமல் ஒரு கனமான மோட்டார் சைக்கிளின் எடையைக் குறைப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

சிரிக்கிறீர்கள். "முதல்ல உன் எடையைக் குறை" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. அதற்கும் வருகிறேன்.

கனம் எங்கிருந்து வந்தது?

நாம் படித்த காலத்தில் விடுதி வாசலில் யாராவது புல்லட்டில் வந்து இறங்கினால் அது ஒரு காட்சி. புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-இல் சூட்டியது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி தயாராக ஆரம்பித்தது. அப்புறம் அது நம்ம ஊர் வண்டியாகவே ஆகிவிட்டது.

1985 கடைசியில், நாம் இறுதி ஆண்டு படிக்கும்போது, யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், வண்டி எடை ஏறத்தாழ 100 கிலோ. இன்று என்னிடம் இருப்பது 2021-இல் வெளிவந்த புதிய தலைமுறை கிளாசிக் 350. 349 சி.சி., 20.2 குதிரைத்திறன், எடை 195 கிலோ. வகுத்துப் பாருங்கள். ஒரு டன்னுக்கு ஆர்.எக்ஸ்.100 சுமார் 110 குதிரைத்திறன், கிளாசிக் சுமார் 104. மூன்றரை மடங்கு பெரிய எஞ்சின் இருந்தும் கணக்கில் புல்லட் ஒரு படி கீழேதான். அன்றைக்கு சிக்னலில் ஆர்.எக்ஸ்.100 ஏன் பறந்தது என்பதற்கு இதுவே பாதி விடை.

புல்லட்டின் கனம் வீண் கனம் இல்லை. இரும்புச் சட்டம், இரும்பு மட்கார்டு, இரும்பு டேங்க். எஞ்சினில் பிஸ்டன் விட்டம் 72 மில்லிமீட்டர், ஓட்டம் 85.8 மில்லிமீட்டர். நீண்ட ஓட்டமும் கனமான சுழல் பாகங்களும் சேர்ந்துதான் அந்த நிதானமான "டப்... டப்..." வருகிறது. அதைக் குறைக்கப் போனால் புல்லட் புல்லட்டாக இருக்காது. ஆகவே வண்டிக்குச் சொந்தமான எடையில் கை வைக்கக் கூடாது, ஒட்டிக்கொண்ட எடையை மட்டும் எடுக்க வேண்டும். என் பேச்சின் சாரம் இவ்வளவுதான்.

எனக்கு ஏன் இந்த வேலை?

2023-இல் எனக்கு இடது தோள் இறுகிப்போனது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற சமாச்சாரம். இங்கே பாதிப்பேருக்குத் தெரிந்திருக்கும். சட்டை போடவே ஆள் தேவைப்பட்டது. எட்டு மாதம் பயிற்சி செய்து கை தலைவரை ஏற ஆரம்பித்தது. ஆனால் புல்லட்டைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தினால் தோளில் மின்னல் வெட்டியது.

வீட்டில் மாநாடு கூடியது. மகள், "அப்பா, வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்குங்க" என்றாள். மருமகன் மரியாதையாக, "மாமா, ஒரு நாள் வண்டி உங்க மேல சாஞ்சுதுன்னா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாரம் ஒரு நாள் விடியற்காலையில் நானும் என் மனைவியும் முப்பது கிலோமீட்டர் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். முப்பத்தைந்து வருஷ வேலையில் சேர்ந்து கிடைக்காத நேரம் எங்களுக்கு அதில்தான் கிடைத்தது. வண்டி போனால் அதுவும் போகும். ஆகவே, "மூணு மாசம் டயம் குடுங்க, நிமிர்த்த முடியலேன்னா நானே வித்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலில் தராசு

எடை குறைக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது எடை போடுவது. லாரி எடை மேடைக்குப் போகாதீர்கள். அது டன் கணக்குப் பார்க்கிற மேடை, நமக்குக் கிலோ கணக்கு வேண்டும். வீட்டில் ஆள் ஏறி நிற்கும் தராசு போதும். முன் சக்கரத்தைத் தராசின்மேல் ஏற்றுங்கள். பின் சக்கரத்துக்கு அடியில் தராசின் உயரத்துக்கே ஒரு பலகை வையுங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எண்ணைப் பார்க்க வேண்டும். பிறகு பின் சக்கரத்துக்கும் அதே போல. இரண்டையும் கூட்டினால் வண்டி எடை.

எனக்கு முன்பக்கம் 104, பின்பக்கம் 117. மொத்தம் 221 கிலோ! கம்பெனி சொல்வது, 90 சதவீதம் பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து 195. மீதி 26 கிலோ யாருடையது?

வண்டியை நான் வாங்கியது இரண்டாம் கையாக. முதல் சொந்தக்காரர் நெடும்பயணப் பிரியர். அவர் பூட்டியதெல்லாம் அப்படியே வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர், "சார், இரும்பு விலைக்குப் போடறீங்களா?" என்று ஆவலாகக் கேட்டார். "இல்லப்பா, எடை மட்டும்" என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது.

பட்டியல் இதோ: பக்கவாட்டு இரும்புப் பெட்டிகளும் அவற்றின் தாங்கிகளும் 9.2 கிலோ. பெரிய லெக் கார்டு 7.4. பெட்டிக்குள் கிடந்த ஸ்பானர், பழைய டியூப், அது இது என்று 3.1. பூட்டுச் சங்கிலி 2.4. கூடுதல் விளக்குகள், இரட்டை ஹாரன், அவற்றின் தாங்கி 2.2. பின்னால் சாய்மானம் 1.9. கூட்டினால் 26.2. கணக்கு நேராகிவிட்டது.

கிலோவுக்கு எத்தனை ரூபாய்?

தக்காளி வாங்கும்போது கேட்கிற கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ஒரு கிலோ குறைக்க எத்தனை ரூபாய்? இந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் காட்டும் பளபளப்பில் பாதி மங்கிவிடும்.

பெட்டிகளும் தாங்கிகளும்: செலவு பூஜ்யம். விளக்குகளும் ஹாரனும்: பூஜ்யம். ஸ்பானர் மூட்டையில் இந்த வண்டிக்குப் பொருந்துகிற நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். 2 கிலோ மிச்சம், செலவு பூஜ்யம். சங்கிலிக்குப் பதில் டிஸ்க்கில் மாட்டும் சின்னப் பூட்டு. 600 ரூபாய், 1.8 கிலோ மிச்சம். லெக் கார்டை அறவே எடுக்கவில்லை. என் வயதில் வண்டி சாய்ந்தால் காலைக் காப்பது அதுதான். வண்டி முழுக்கப் படுத்துவிடாமல் தாங்குவதால் தூக்குவதும் சுலபம். பழைய பெரியதை விற்று, மூன்றரைக் கிலோவில் ஒரு சின்ன லெக் கார்டு மாட்டினேன். கையை விட்டுப் போனது 900 ரூபாய், குறைந்தது 3.9 கிலோ.

சாய்மானத்தைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன். "அது இருந்தாத்தான் நான் வருவேன்" என்று ஓர் உத்தரவு வந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். எதற்காக வண்டியை வைத்துக்கொள்கிறோம் என்பதை மறந்துவிட்டு எடையைக் குறைத்து என்ன பயன்?

மொத்தம் 19 கிலோ குறைந்தது, 1,500 ரூபாய் செலவு. கிலோவுக்கு 80 ரூபாய்கூட ஆகவில்லை. மறுபடி தராசில் ஏற்றினேன். முன்பக்கம் 99, பின்பக்கம் 103, மொத்தம் 202.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி போட்டால் ஏறக்குறைய 2 கிலோ குறையும். எனக்குச் சொன்ன விலை 7,000 ரூபாய்க்கு மேல். கிலோவுக்கு 3,500! பழைய பேட்டரி ஆயுள் முடியும்போது யோசிக்கலாம், ஓடுகிற பேட்டரியைத் தூக்கி எறிந்துவிட்டு வாங்குவது வீண். அப்போதும் வண்டியின் சார்ஜ் அமைப்புக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும். எடை குறைந்த சைலன்சரும் அதே மாதிரிதான். விலை ஒரு பக்கம். ஒலி வரம்பு மீறினால் அபராதம் இன்னொரு பக்கம். புகை சுத்திகரிக்கும் பாகத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டால் ஊர் மூச்சுக்கும் கேடு. தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்து அழுதால் நம் அரைக் குதிரைத்திறனுக்கு என்ன மரியாதை?

அலாய் சக்கரம் என்றாலே எடை குறைவு என்று நினைக்காதீர்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பு 7.85 என்பது உண்மை. ஆனால் வார்ப்புச் சக்கரத்தைத் தடிமனாகத்தான் வார்க்க வேண்டும். கம்பிச் சக்கரத்தைவிட அது கனமாக இருப்பதும் உண்டு. தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சக்கர விளிம்பில் குறைகிற ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போது இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம். ஏனென்றால் அது முன்னாலும் போக வேண்டும், சுற்றவும் வேண்டும். அந்த ஆசையில் கனமான சக்கரத்தை வாங்கி மாட்டிவிடக் கூடாது, அதற்குத்தான் சொல்கிறேன்.

எடை எத்தனை என்பது பாதி, எங்கே என்பது மீதி

இது நம் எல்லாருக்கும் தெரிந்த திருப்புவிசைக் கணக்கு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர், ஹேண்டில்பார் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 195 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால் ஹேண்டில்பாரில் தாங்க வேண்டியது ஏறக்குறைய 19 கிலோ. 20 டிகிரியில் 37. 30 டிகிரியில் 54! சிக்னலில் கால் கொஞ்சம் வழுக்கினால் பத்து டிகிரி முப்பது ஆவதற்கு ஒரு நொடி போதும். "சாய்ஞ்சா பிடிச்சுக்கலாம்" என்பது இருபது வயதுப் பேச்சு. நம் வயதுக்குச் சாயவிடாமல் இருப்பதுதான் வழி.

இதே கணக்கில், 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கிலோ, 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் நாலு கிலோவுக்குச் சமம். ஆகவே மேலே இருப்பதை முதலில் இறக்குங்கள். மேலே இருப்பதில் பெரிய சுமை எது? பெட்ரோல்! டேங்க் 13 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு முக்கால் கிலோ என்றால் கிட்டத்தட்ட 10 கிலோ. ஊருக்குள் ஓட்டுகிறவர் பாதி டேங்க் மட்டும் போட்டுக்கொண்டால் 5 கிலோ குறைந்தது. செலவும் இல்லை, ஸ்பானரும் வேண்டாம்.

என் வண்டியில் எல்லாம் சேர்த்து, 20 டிகிரி சாய்வில் தோள் தாங்க வேண்டிய பாரம் ஐந்தரைக் கிலோ போலக் குறைந்தது. கேட்க ரொம்பச் சின்ன எண். ஆனால் எனக்கு வலிக்கும் வலிக்காது என்பதற்கு நடுவே இருந்தது அந்த ஐந்தரைக் கிலோதான்.

குறையாமலே குறைந்தது போலத் தோன்றுகிற வழிகளும் உண்டு. டயரில் காற்று சரியாக இருந்தால் தள்ளுவது பாதி சுலபம். பிரேக் உரசுகிறதா பாருங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். இவற்றுக்கெல்லாம் ஐம்பது நூறுக்குமேல் ஆகாது.

எதைத் தொடக் கூடாது?

இங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

எடை குறைக்கிறேன் என்று முதலில் பறப்பது சாரி கார்டு. அசிங்கமாக இருக்கிறது என்கிறார்கள். ஒரு கிலோ இருக்குமா அது? பின்னால் உட்காரும் பெண்ணின் புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று எந்த அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் போய்க் கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123-ஆம் விதி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் பாதுகாப்பு வேண்டும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் வேண்டும் என்கிறது. அந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் நம் வீட்டுப் பெண்களை நினைத்து எழுதியிருக்கிறார்.

அடுத்தது சென்டர் ஸ்டாண்டு. கழற்றினால் இரண்டு மூன்று கிலோ போகும், உண்மைதான். ஆனால் கம்பிச் சக்கரத்தில் டியூப் இருக்கிறது. நடுவழியில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் 200 கிலோவை எதன்மேல் நிறுத்துவீர்கள்? வண்டியோடு வந்த கண்ணாடி, மட்கார்டு, ஏ.பி.எஸ். எதையும் தொடாதீர்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, புதிய மாடல் என்றால் 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது. ஈரச் சாலையில் அது உயிர் காக்கிற எடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இதையும் கிலோ கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓட்டை போடுவது. லேத்துப் பட்டறையில் ஒரு தம்பி, "சார், பிராக்கெட்டு எல்லாத்துலயும் ஓட்டை போட்டுரலாம், ரேஸ் வண்டி மாதிரி இருக்கும்" என்றான். நம் பேராசிரியர் கரும்பலகையில் வரைந்தது கண்ணுக்குள் வந்தது. இழுவிசையில் இருக்கும் அகலமான தகட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டால், ஓட்டையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்கு. மூன்று மடங்கு! தள்ளாடித் தள்ளாடி ஓடுகிற வண்டியில் வெடிப்பு விழ அது போதும். அதே பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார். ஒரு தண்டின் நடுவே பாதி விட்டத்துக்குத் துளைத்தால் எடை 25 சதவீதம் போகும், வளைவைத் தாங்கும் வலிமை 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். இதைக் கேட்டுவிட்டு அச்சைத் துளைக்கப் பட்டறைக்கு ஓடிவிடாதீர்கள். அது கணக்குப் போட்டு, உலோகத்தைச் சோதித்து, தொழிற்சாலையில் செய்யும் வேலை. பிரேக், அச்சு, ஹேண்டில்பார் இந்த மூன்றின் போல்ட்டுகளையும் கம்பெனி போட்டது போலவே விட்டுவிடுங்கள். அந்தத் தம்பியிடம் தகட்டுக் கணக்கை ஒரு சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டினேன். "அப்ப வேணாம் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

பின்வரிசைக் குரலுக்குப் பதில்

அப்போது என் எடை 78. மருத்துவர் சர்க்கரைக்காகச் சொன்ன நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து ஒரு வருஷத்தில் 72 ஆனது. வண்டியும் நானும் சேர்ந்து 299 கிலோவாக இருந்தது, இப்போது 274. எஞ்சினைத் தொடவே இல்லை, ஆனால் 20.2 குதிரைத்திறன் வண்டி, பழைய கணக்குக்கு 22 குதிரைத்திறன் போல இழுக்கிறது. கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்டால், என்னுடைய ஆறு கிலோவுக்குச் செலவு ஆகவில்லை, மாதம் இனிப்புக் கடைக்குப் போன பணம் மிச்சம்தான்.

மூன்று மாதக் கெடு முடிந்த அன்று மருமகன் முன்னால் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, மறுபடி இறக்கிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "சரி மாமா, ஆனா ராத்திரில வேணாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். என்றைக்கு நிமிர்த்த முடியவில்லையோ அன்றைக்கு விற்றுவிடுவேன் என்ற வாக்கும் அப்படியே இருக்கிறது.

நண்பர்களே, நம் அணியில் இன்னும் பதினோரு பேர் கனமான வண்டி வைத்திருக்கிறோம் என்று செயலாளர் கணக்கு எடுத்துச் சொன்னார். நான் இரண்டு தராசும் ஒரு பலகையும் கொண்டுவந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பணிமனை வாசல் வேப்பமரத்தடிக்கு வண்டியோடு வாருங்கள், எடை போட்டுப் பார்ப்போம். கட்டணம் இல்லை. வண்டி இல்லாதவர்களும் தராசில் ஏறலாம், எண்ணை வெளியே சொல்ல மாட்டோம்!